ஆண்டு மலருக்கு எந்தக் கரு: ஆத்தங்குடிக் கல்லா, வளவு வீடா, ஊருணியா, பள்ளிக்கு வரும் வழியா?

காரைக்குடிப் பக்கம் எந்தப் பள்ளியிலும் ஆண்டு மலர் வேலை தொடங்கினால் மலர்க் குழுவில் யாராவது ஒருவர் "இந்த வருஷம் ஒரு தீம் வச்சுப் பண்ணலாம்" என்பார், உடனே இன்னொருவர் "செட்டிநாடு" என்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள், டீ வரும், கூட்டம் முடிந்துவிடும். அப்புறம் மார்ச் மாதம் டிடிபி செய்கிறவரிடம் பென் டிரைவைக் கொடுத்து "செட்டிநாடு மாதிரி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் பாவம், கூகுளில் ஒரு தூணையும் ஒரு பூப்போட்ட தரையையும் தேடி எடுத்து அட்டையில் வைத்துவிடுவார். உள்ளே புரட்டினால் போன வருஷ மலரேதான்.

செட்டிநாடு என்று மட்டும் சொன்னால் போதாது, அதற்குள் எது என்று இறங்கியாக வேண்டும். இங்கே அடிக்கடி அடிபடுகிற யோசனைகளை வைத்து, எது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கலாம். நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். மலரில் யாரும் நின்று படிக்காத பகுதிகள் மூன்று உண்டு: ஆண்டறிக்கை, வகுப்புக் குழுப்படங்களின் கீழே வரும் பெயர் வரிசை (தன் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்), கடைசியில் மொத்தமாகக் குவித்து வைத்த விளம்பரங்கள். அட்டையையும் முதல் நான்கு பக்கங்களையும் எந்தக் கருவும் அழகாக்கிவிடும். இந்த மூன்று பகுதிக்குள்ளும் புகுந்து ஏதாவது செய்கிறதா என்பதுதான் கேள்வி.

அமெரிக்கப் பள்ளிகளின் இயர்புக்கைப் பார்த்து அப்படியே செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் தனிப்படம், புத்தகத்தை நடத்துவதே மாணவர் குழு, அட்டையில் தொடங்கிய கரு பிரிப்புப் பக்கங்கள் வழியாகக் கடைசிப் பக்கம் வரை ஓடும். நம்முடையது குழுப்படமும் வாழ்த்துரையும் பிள்ளைகளின் கவிதையும் கலந்த மலர். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கடைசிப் பக்கம் வரை ஓடும் பழக்கத்தை மட்டும்தான்.

சரி, முதலில் ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல். எல்லோரும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள், காரணமும் தெரிந்ததுதான், போனை எடுத்துக்கொண்டு போய் யார் வீட்டுத் தரையையாவது படமெடுத்தால் அட்டை தயார். ஆனால் அந்தப் படத்தை மங்கலாக்கி எல்லாப் பக்கத்துக்கும் பின்னணியாகப் போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் மலர் கெட்டுப்போகிறது. பூ வேலைப்பாட்டின் மேல் பத்து பாயிண்ட்டில் தமிழ் எழுத்து ஓடினால் எது எழுத்தின் புள்ளி, எது பூவின் மொட்டு என்றே தெரியாது. பெயர்ப் பட்டியலில் புள்ளி தொலைந்தால் பிள்ளையின் பெயரே வேறாகிவிடும், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். அதோடு மேப்லித்தோ தாளில் (பளபளப்புப் பூச்சு இல்லாத சாதாரண அச்சுத் தாள்) மை உள்ளே இறங்கி, நேரில் பார்த்த அந்த அடர்சிவப்பும் பச்சையும் சோர்ந்துபோய்த் தெரியும். கல்லின் பளபளப்பு தாளில் வரவேண்டுமென்றால் ஆர்ட் பேப்பரும் மல்டிகலரும் வேண்டும். அந்தச் செலவுக்குத் தாளாளர் சம்மதிப்பாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லின் பூவை விட்டுவிட்டு அது செய்யப்படும் முறையை எடுத்தால் கதை வேறு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கண்ணிலும் ஒவ்வொரு நிறக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் கலந்த உலர்கலவையைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவை போட்டு மட்டப்படுத்தி, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடி பட்ட பக்கம்தான் முகம், அதனால் வேலை நடக்கும்போது பூ முழுக்கக் கீழே பார்த்தபடி இருக்கும், செய்கிறவருக்கே கடைசியில்தான் தெரியும். இதை ஒரு கல்வியாண்டின் வரிசையாக அப்படியே வைக்கலாம்: ஜூன் மாதத்து அச்சு, விழாவும் போட்டியும் நடக்கும் நிறம், பாடம் நடக்கும் கலவை, திருப்புதல் தேர்வு மாதங்கள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டி (இந்தப் பெயரைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள்). இன்னொன்று, பல வடிவங்களில் ஒரு கல்லில் இருப்பது கால்பூதான், நான்கு கல் சேர்ந்தால்தான் முழுப்பூ. பள்ளியில் நான்கு ஹவுஸ் இருந்தால் ஒவ்வொரு ஹவுஸ் பக்கத்திலும் கால்பூவை மட்டும் வைத்து, விளையாட்டு விழா நடுப்பக்கத்தில் நான்கையும் சேர்க்கலாம். ஆண்டறிக்கைக்கு இந்தக் கரு உதவுகிறது. குழுப்படத்துக்கு உதவாது, பூங்கரையும் ஐம்பது முகங்களும் ஒன்றோடொன்று மோதும். விளம்பரப் பக்கங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒவ்வொரு விளம்பரத்திலும் ஏற்கெனவே மூன்று கரை இருக்கிறது.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் அடிக்கடி வரும் யோசனை, அதிலும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு. இதைக் கருவாக வைப்பதைவிடக் கட்டமைப்பாக வைப்பது நல்லது. கட்டம் போட்ட உடல், அகலமான கரை, கடைசியில் முந்தி, இதுவே ஒரு பக்கத்துக்கான லே-அவுட். கறுப்பும் அரக்குச் சிவப்புமாக இரண்டே மையில் அடித்தால் மல்டிகலர் செலவும் மிச்சம். ஆனால் தொண்ணூறு பக்கத்துக்குச் சொல்ல அதில் கதை இல்லை.

சாப்பாடு வேண்டாம். உலகத்தில் உள்ள ஓட்டல் பலகை எல்லாம் செட்டிநாட்டுச் சாப்பாட்டைப் பேசிக்கொண்டிருக்கிறது, பள்ளி மலருமா பேச வேண்டும்? உணவுத் திருவிழா நடத்தியிருந்தால் அதற்கு இரண்டு பக்கம் கொடுங்கள், போதும்.

ஊரின் பெரிய மனிதர்களை வைத்துச் செய்வதும் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதும், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்ததும், 1948-ல் நேரு வந்து அதற்கு அடிக்கல் நாட்டியதும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் அது வரலாற்று மலர் ஆகிவிடும். இந்த வருஷம் எட்டாம் வகுப்பு பி பிரிவில் என்ன நடந்தது என்பதற்கு அதில் இடமே இருக்காது. நூற்றாண்டு கொண்டாடும் பள்ளி செய்யட்டும்.

வீட்டுக்கு வருவோம். இதுதான் உண்மையில் கனமான போட்டியாளர். செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதிலிருந்து இந்த வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள், அதனால் பள்ளிகளுக்கும் வீடு ஒரு பெருமை. பெருமையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒரு புத்தகத்துக்கு இப்படிப்பட்ட வரைபடம் கிடைப்பது அபூர்வம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நிலைவாசலில் நின்று பார்த்தால் வாசலுக்குள் வாசலாகப் பின்கட்டு வரை நேர்க்கோட்டில் தெரியும். முன்னட்டையில் தெரு, அடுத்த தாளில் கஜலட்சுமி செதுக்கிய நிலைவாசல், முகப்புத் திண்ணையில் தாளாளரும் தலைமையாசிரியரும் வரவேற்பது போல வாழ்த்துரைகள், அதற்கடுத்து வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்னட்டையில் மறுதெரு. வாசகர் பக்கம் புரட்டப் புரட்ட வீட்டுக்குள் நடக்கிறார். இதைவிட நல்ல பொருளடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

வளவு இன்னும் விசேஷம். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை, தனிச் சமையல், தனிப் புள்ளிக் கணக்கு (கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி), ஆனால் மழை பெய்தால் எல்லோர் கூரைத் தண்ணீரும் விழுவது ஒரே முற்றத்தில். வகுப்புப் பிரிவுகளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஆறாம் வகுப்பு ஏ, பி, சி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அறை கொடுங்கள், அறைக் கதவில் குழுப்படம், கீழே அந்தப் பிரிவுக்கு மட்டுமே தெரிந்த ஒரு செய்தி: யாருடைய டிபன் பாக்ஸ் முதல் பீரியடிலேயே காலியாகும், எந்த ஜன்னல் மூடாது. ஆண்டறிக்கை முற்றத்தில், சத்துணவுக்கூடப் பணியாளர்களும் அலுவலக ஊழியர்களும் பியூனும் அடுப்படியில். வழக்கமான மலரில் ஒரே ஒரு குழுப்படத்தோடு முடிந்துபோகும் அவர்களுக்கு இங்கே ஒரு கட்டே கிடைக்கிறது.

அப்புறம் ஏன் தயக்கம்? ஏனென்றால் அது யார் வீடு என்ற கேள்வி இருக்கிறது. இந்தப் பெரிய வீடுகள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகள். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வீட்டுக்குள் வளர்ந்தவர்கள் அல்ல. நிலைவாசலைப் படமெடுக்கும் மாணவியின் அப்பா அதே வீட்டுக்கு வாட்ச்மேனாக இருக்கலாம், பக்கத்தில் நிற்கும் பையனின் பூட்டன் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அரைத்திருக்கலாம், முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து தேய்த்திருக்கலாம். "நம்ம பாரம்பரிய வீடு" என்று பிரிப்புப் பக்கத்தில் எழுதும்போது அந்த "நம்ம" யாரைச் சேர்க்கிறது என்று மலர்க் குழு ஒரு தடவை யோசிக்க வேண்டும். யோசித்துவிட்டு, வீட்டின் ஒவ்வொரு கட்டையும் அதைக் கட்டியவர் வாயால் சொன்னால் (கொத்தனார், தச்சர், கல் பதித்தவர், இப்போது சாவி வைத்திருப்பவர்) கரு தப்பிக்கும். அதைச் செய்யத் தெம்பு இருக்கிற குழு மட்டும் வீட்டை எடுக்கட்டும். நடைமுறைச் சிக்கலும் உண்டு: பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், உள்ளே படமெடுக்க யாரிடம் அனுமதி வாங்குவது என்பதே பெரிய வேலை. விளம்பரங்களும் இங்கே தோற்கின்றன. அவ்வளவு அழகான வீட்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டியது போலத்தான் நிற்கும்.

ஊருணியை ஒரு சமூக அறிவியல் ஆசிரியர் முன்மொழிவார், இல்லாவிட்டால் தமிழாசிரியர். நல்ல யோசனைதான். இது வறண்ட சீமை, மழையைப் பிடித்து வைத்தால்தான் வாழ்க்கை, அதனால் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள், காரைக்குடியில் முத்தூரணி என்று இடப்பெயராகவே நிற்கிறது. வீட்டைப் போல ஒருவர் சொத்து இல்லை, பொதுச் சொத்து என்ற வாதமும் வரும். பாதிதான் உண்மை, பழைய காலத்தில் எல்லாத் தெருக்காரர்களுக்கும் எல்லாப் படித்துறையும் திறந்திருக்கவில்லை, அதை மறைத்துவிட்டு ஒற்றுமை என்று எழுதினால் பாட்டிகள் சிரிப்பார்கள். கருவாகப் பார்த்தால் ஊருணி சீக்கிரம் வற்றிவிடுகிறது. மழை வந்தது, நிறைந்தது, எல்லோரும் குடித்தார்கள், ஆசிரியர்கள் அறிவை நிறைத்தார்கள்... நாலு பக்கத்துக்குள் முடிந்தது. சுற்றுச்சூழல் மன்றம் அந்த வருஷம் உண்மையிலேயே ஓர் ஊருணியைத் தூர்வாரியிருந்தால் அது வேறு விஷயம், அப்போது அந்த வேலையே மலரின் முதுகெலும்பாகலாம்.

கடைசியாக, யாரும் முதல் கூட்டத்தில் சொல்லாத ஒன்று: பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழி. கேட்டால் சாதாரணமாக இருக்கிறது, "இதுல என்னங்க செட்டிநாடு" என்று தலைமையாசிரியரே கேட்பார். கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். காரைக்குடியில் இருக்கும் ஒரு பள்ளிக்கு வடக்கே கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூரிலிருந்து ஒரு கூட்டம் வருகிறது. கிழக்கே கண்டனூர், புதுவயல், சாக்கோட்டையிலிருந்து இன்னொரு கூட்டம். மேற்கே குன்றக்குடிப் பக்கம், தெற்கே அமராவதிபுதூர், தேவகோட்டை ரஸ்தா. இலவச பஸ் பாஸில் வருகிறவர்கள், பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் வருகிறவர்கள், அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு தம்பிகளோடு தொற்றிக்கொண்டு வருகிறவர்கள், செக்காலை ரோட்டிலிருந்து நடந்தே வருகிறவர்கள். அந்த வழிகளில் பூட்டிய வீடும் இருக்கிறது, ஊருணியும் இருக்கிறது, கல் செய்யும் பட்டறையும் இருக்கிறது, முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளும் இருக்கின்றன. முன்னால் சொன்ன கருக்கள் எல்லாம் வழியோரமாக வந்துவிடுகின்றன, பிள்ளைகள் பார்க்கும் விதத்தில், அவர்கள் உயரத்தில்.

சோதனையில் வைத்துப் பார்க்கலாம். ஆண்டறிக்கையை ஜூன் முதல் ஏப்ரல் வரை நிறுத்தங்களாகப் பிரிக்கலாம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த மாத நிகழ்ச்சிகள் ஏறி இறங்கும், படிக்கிறவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஐப்பசி மழையில் பஸ் வராத நாள் ஆண்டறிக்கைக்குள் வந்தது எந்தப் பள்ளியில் உண்டு? குழுப்படத்தின் கீழே அந்தப் பிரிவுப் பிள்ளைகள் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று கையால் வரைந்த ஒரு சின்ன வரைபடம். பெயர் வரிசையைப் படிக்காதவர்களும் அதைப் பார்ப்பார்கள். (ஊர் வரைக்கும் மட்டும், எந்தப் பிள்ளை எந்தத் தெரு, எந்த பஸ்ஸில் எத்தனை மணிக்குத் தனியாக வருகிறாள் என்பதெல்லாம் அச்சில் வரக் கூடாது. இதை மலர்க் குழு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.) விளம்பரங்கள்தான் இந்தக் கருவின் தனிச் சிறப்பு. மற்ற எல்லாக் கருவிலும் தொந்தரவாக நின்றவை இங்கே இயல்பாக உட்கார்ந்துகொள்கின்றன, ஏனென்றால் விளம்பரம் கொடுக்கும் ஸ்டேஷனரி கடை, பேக்கரி, சைக்கிள் கடை, டெய்லர் எல்லாம் அந்த வழியில் இருப்பவைதானே. கடைசியில் குவிக்காமல் தெருவாரியாக உள்ளேயே பரப்பிவிடலாம், பக்கத்திலேயே அந்தக் கடையைப் பற்றி ஒரு மாணவர் எழுதிய இரண்டு வரி.

செலவிலும் வழிதான் ஜெயிக்கிறது. வரைபடமும் கோட்டோவியமும் ஒற்றை மையில் மேப்லித்தோ தாளிலேயே நன்றாக வரும். 96 பக்கம் என்றால் 16 பக்க ஃபாரமாக (ஒன்றாக அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதி) ஆறு, அதில் ஒரே ஒரு ஃபாரத்தை மட்டும் ஆர்ட் பேப்பரில் மல்டிகலராக வைத்து விழாப் படங்களை அதற்குள் அடக்கிவிடலாம், மற்ற ஐந்தும் ஒற்றை நிறம். சிவகாசியில் கொடுத்தாலும் உள்ளூர் பிரஸ்ஸில் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கல் கருவை இப்படிச் சிக்கனமாகச் செய்யவே முடியாது. வீட்டை ஓரளவு செய்யலாம், கட்டட வரைபடமாக வரைந்தால். பர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசை போட்டு ஒட்டுவது) போடும்போது மட்டும் ஒன்று: குழுப்படத்தையோ வழி வரைபடத்தையோ இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரிக்காதீர்கள், நடுவில் இருக்கும் பிள்ளைகளையும் ஊர்களையும் முதுகு விழுங்கிவிடும். ஏ4 அகலத்துக்குப் படம் போடக் குறைந்தது 2,480 பிக்சல் வேண்டும், வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். இது எந்தக் கருவுக்கும் பொது.

வழிக்கு ஒரு பலவீனம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அட்டை கவர்ச்சியாக வராது. கல்லும் வீடும் மேசையில் கிடந்தாலே ஆளைக் கூப்பிடும், சைக்கிள் ஸ்டாண்டும் பஸ் ஸ்டாப்பும் கூப்பிடாது. விருந்தினருக்குக் கொடுக்க அழகான புத்தகம் வேண்டும் என்று தாளாளர் நினைத்தால் இந்த இடத்தில் வாக்குவாதம் வரும். என் யோசனை, அட்டையில் பள்ளி வாசலை மட்டும் வைத்து, அதை நோக்கி நாலாபக்கமும் இருந்து வரும் வழிகளை ஓவிய ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து வரையட்டும், முன்னட்டையில் பாதி, பின்னட்டையில் பாதி. தலைப்புக்கு "ஒன்பது மணிக்குள்" மாதிரி ஏதாவது. கரையாக வேண்டுமானால் கண்டாங்கிக் கட்டம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மையில் முடிந்துவிடும்.

ஆகவே என் தேர்வு வழி. அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் தயங்காமல் இதையே சொல்வேன். ஊருக்குள் பழைய கட்டடத்தில் இயங்கும் பள்ளி, முன்னாள் மாணவர்கள் பணமும் வீட்டுச் சாவியும் தர முன்வருகிறார்கள், ஆசிரியர் குழுவுக்கும் நேரம் இருக்கிறது என்றால் வீட்டை எடுக்கலாம், கட்டியவர்களைச் சேர்த்துக்கொண்டு. கல்லை மல்டிகலருக்குப் பட்ஜெட் இருக்கிற பள்ளி மட்டும், அதுவும் செய்முறையாக.

எதை எடுத்தாலும் ஜூன் மாதமே முடிவு செய்துவிடுங்கள். வழிக்கு மழைக்காலப் படம் வேண்டும், வீட்டுக்கு அனுமதிக் கடிதம் வேண்டும், கல்லுக்கு ஆத்தங்குடிப் பட்டறைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக ஒரு சனிக்கிழமை வேண்டும். மார்ச்சில் கரு பிடித்தால் அது அட்டையைத் தாண்டாது. விளம்பரம் கேட்டுப் போகும் ஆசிரியர் கையில் தெருவாரியான மாதிரிப் பக்கம் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தனுப்புங்கள், பின்னட்டைதான் வேண்டும் என்று நிற்கும் கடைக்காரர்களிடம் பேச அது உதவும்.